லாசெமில் மெழுகு, மதுரையில் முடிச்சு: துணிச்சீட்டில் யார் பெயர் போடுவது?

#1 வைகைக்கரை (மதுரை), நவம்பர் 3

வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆலோசனை வேண்டும்.

பதினொரு வருடமாகச் சுங்குடியில் வேலை செய்கிறேன். வடிவம் போடுவது நான், முடிச்சுப் போடுவதும் சாயம் முக்குவதும் வெளியே கொடுத்து வாங்குவது. போன வருடமும் இந்த வருடமுமாக இரண்டு தடவை, மொத்தம் பத்து வாரம், இந்தோனேசியாவில், ஜாவாவின் வடகடற்கரையில் லாசெம் என்ற ஊரில் தங்கினேன். ரெம்பாங் மாவட்டத்தில் இருக்கிறது. சீன வம்சாவளிக் குடும்பங்களும் ஜாவாக்காரர்களும் தலைமுறைகளாகச் சேர்ந்து பாத்திக் (மெழுகால் மூடிச் சாயம் முக்கும் துணி) செய்யும் ஊர். ‘குட்டிச் சீனா’ என்றே பெயர். அங்கே ஒரு சின்னப் பட்டறையில், கையால் மெழுகு எழுதும் ஆறு பெண்களோடு சேர்ந்து பன்னிரண்டு துணிகள் முடித்திருக்கிறோம். மார்ச் மாதம் மதுரையில் ஒரு சிறிய கூடத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறேன். பாதியை விற்கவும் எண்ணம்.

செய்த முறையைச் சொல்கிறேன். இங்கே வெள்ளைப் பருத்தியில் முடிச்சுப் போட்டு, சிவப்பு முக்கி, முடிச்சை அவிழ்த்தாயிற்று. சிவப்பு நிலத்தில் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. அந்தத் துணியை லாசெமுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் சாந்திங் என்ற செம்பு மூக்குள்ள கருவியால் உருகிய மெழுகை எடுத்து, எது சிவப்பாகவும் வெள்ளையாகவும் நிற்க வேண்டுமோ அதை மூடினார்கள். பிறகு நீலத்தில் முக்கினார்கள். மூடாத சிவப்பு நீலத்தோடு சேர்ந்து கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை இறக்குவார்கள். கையெழுத்துப் பாத்திக்கில் துணியின் இரண்டு பக்கமும் மெழுகு எழுத வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

முதல் தடவை கொண்டுபோனது பதினான்கு துணி. அதில் இரண்டு கெட்டுவிட்டன, தவறு என்னுடையது. பட்டறையின் மூத்த அம்மா (எல்லோரும் அவரை ‘ம்பாஹ்’ என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் பாட்டி என்பதுபோல) என் துணியை வாங்கியதும் ஒரு மூலையை வெந்நீரில் அமிழ்த்தினார். தண்ணீர் சிவந்தது. இது தாங்காது என்று சைகையிலேயே சொன்னார். லாசெம் சிவப்புக்குப் பேர்போன ஊர். கோழி இரத்தச் சிவப்பு என்பார்கள், பழைய நாளில் நுணா வேரில் எடுத்தது. அப்படிப்பட்டவர் சொல்லியும் நான் கேட்கவில்லை. எழுதி முடித்து மெழுகை இறக்கும்போது சிவப்பு ஓடி வெள்ளைப் புள்ளி எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. ஐந்து வாரம் எழுதிய வேலை. அவர்களுக்குக் கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டேன். மீதித் துணிகளை மதுரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, கெட்டிச் சாயத்தில் மறுபடி முக்கி, இரண்டாம் பயணத்தில் எடுத்துப்போனேன். மறுபடி முக்கியபோது புள்ளிகளைத் திரும்பக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரையும். எல்லாப் புள்ளிகளையும் மெழுகால் மூடிவிடுங்கள் என்று காகிதத்தில் வரைந்து கொடுத்திருந்தேன். ஒரு பெண் மூடாமல் விட்டுக்கொண்டே போனார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நீலத்திலிருந்து எடுத்தபோது அந்தப் புள்ளிகள் எல்லாம் நீலம். நான் வருத்தப்பட்டேன், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு கல்லூரி மாணவி இருந்தார். அவர் கேட்டுச் சொன்ன பதில்: “இது லாத்தோ. லாத்தோ வெள்ளையாக இருக்காதே.”

லாத்தோ அந்தக் கரையில் கிடைக்கும் கடல்பாசி, குட்டிக் குட்டி மணிகளாக, திராட்சைக் கொத்து மாதிரி. தேங்காய்த் துருவலோடு பிசைந்து சாப்பிடுவார்கள். லாசெம் துணிகளில் அதற்கென்றே ஒரு பழைய கோலம் உண்டு. என் சுங்குடிப் புள்ளியைப் பார்த்ததும் அவருக்கு லாத்தோ தெரிந்திருக்கிறது. புள்ளிகளுக்கு நடுவே தண்டு வரைந்து இணைத்திருந்தார். நான் மதுரையில் போட்ட கட்டம் கட்டமான அமைப்பு அவர் கையில் கடலுக்குள் போய்விட்டது. அதன் பிறகு நான் காகிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கடைசி ஏழு துணிகளும் அவர்கள் இஷ்டப்படி எழுதியவை. அந்த ஏழும்தான் நன்றாக வந்திருக்கின்றன.

கேள்வி இரண்டு. ஒன்று, துணிகளை இங்கே கொண்டுவருவதற்குச் சுங்கத்தில் என்ன செய்ய வேண்டும். இரண்டு, காட்சியில் ஒவ்வொரு துணிக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு வைப்போமே, அதில் யார் பெயர்? கூடம் வைத்திருப்பவர் என் பெயர் மட்டும் போதும், கீழே “லாசெம் கைவினைஞர்களின் உதவியுடன்” என்று ஒரு வரி போடலாம் என்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை.

#2 துறைமுகத்தான் (தூத்துக்குடி), நவம்பர் 3

முதல் கேள்விக்கு மட்டும் நான். இருபது வருடமாகச் சரக்கு விடுவிக்கும் வேலை.

காட்சி முடிந்து எல்லாம் திரும்பிப் போகும் என்றால் ஏடிஏ கார்னே என்று ஒரு தற்காலிக அனுமதிப் புத்தகம் உண்டு. பொருளுக்கான கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியா 2015 முதல் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது, அங்கே கொடுப்பது கடின் என்னும் அவர்களுடைய வணிக சபை. வரி கட்டாமல் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துப் போகலாம். ஆனால் நீங்கள் விற்கப்போகிறேன் என்கிறீர்கள். விற்கிற பொருளுக்குக் கார்னே சரிப்படாது. விற்கும் ஆறையும் திரும்பும் ஆறையும் இப்போதே பிரித்துவிடுங்கள். விற்பதை முறையான இறக்குமதியாகக் கொண்டுவாருங்கள். பட்டறையின் பெயரில் விலைச்சீட்டு, துணிக்கு ஒரு வரி வீதம்: பருத்தி, கைமெழுகு, அளவு, விலை. இந்தியா-ஆசியான் வணிக ஒப்பந்தத்தில் ‘படிவம் ஏஐ’ என்ற பிறப்பிடச் சான்று வாங்கினால் வரி குறைய வாய்ப்புண்டு. ஆனால் உங்கள் துணி இங்கிருந்து போனது, அதனால் பிறப்பிடம் எது என்று கேள்வி வரும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இங்கிருந்து துணியைக் கொண்டுபோனபோது சுங்கத்தில் பதிந்தீர்களா?

#3 வைகைக்கரை, நவம்பர் 3

இல்லை. பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப்போனேன்.

#4 துறைமுகத்தான், நவம்பர் 4

அப்படியானால் நம் ஊர்த் துணி என்று காட்ட உங்களிடம் தாள் எதுவும் இல்லை. முழுவதும் வெளிநாட்டுப் பொருள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அப்படியே கட்டிவிடுங்கள், மறைக்க வேண்டாம், விலையைக் குறைத்தும் எழுத வேண்டாம். குறைத்து எழுதினால் அந்தப் பெண்களின் வேலைக்கு அதுதான் விலை என்று தாளில் பதிந்துவிடும். நாளைக்கு வேறொருவர் அந்தத் தாளைக் காட்டித்தான் பேரம் பேசுவார்.

#5 பினாங்குத் தங்கை (பினாங்கு), நவம்பர் 4

அக்கா, படித்ததும் மனது நிறைந்துவிட்டது. ஒரு துணி பல ஊருக்குப் போய் நிறம் வாங்குவது அந்தக் கரைக்குப் புதிதில்லை. ‘தீகா நெகரி’ என்று ஒரு வகை இருக்கிறது, மூன்று நாட்டுத் துணி என்று பொருள். சிவப்புக்கு லாசெம், நீலத்துக்குப் பெக்கலோங்கான், பழுப்புக்குச் சோலோ. ஒவ்வொரு ஊரிலும் மெழுகு எழுதி, முக்கி, இறக்கி, அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். அந்தந்த ஊர்த் தண்ணீரில்தான் அந்த நிறம் வரும் என்பது பேச்சு. அந்த வரிசையில் மதுரையும் சேர்ந்துவிட்டது.

இங்கே என் அப்பா வீட்டில் கட்டுவது பெலிக்காட் சாரம். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிதான் அந்தப் பெயரில் நிற்கிறது. சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்துத்தான் டச்சுக்காரர்கள் தீவுகளில் மசாலா வாங்கினார்கள். கடை கடையாக விற்ற அத்தனை துணியில் நெய்தவர் பெயர் ஒன்றாவது வந்து சேர்ந்ததா? துறைமுகத்தின் பெயர் மட்டும்தான் வந்தது. அதனால் பெயர் போடுங்கள் அக்கா. ஆறு பெயரும் போடுங்கள்.

#6 கோடும் நிறமும் (சென்னை), நவம்பர் 5

நான் மாறுபடுகிறேன். மரியாதையோடுதான் சொல்கிறேன். இந்தத் துணி உண்டாக வேண்டும் என்று நினைத்தவர் யார்? சுங்குடியையும் லாசெமையும் சேர்க்கலாம் என்று யோசித்து, பணம் போட்டு, நட்டப்பட்டு, இரண்டு தடவை போனவர் யார்? கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர் பெயர் போடுகிறோம், ஒவ்வொரு கொத்தனார் பெயரும் போடுவதில்லை. அது கொத்தனாரை மதிக்காததால் அல்ல. பார்க்க வருபவருக்கு ஆறு பெயர் அடுக்கிய சீட்டு எதையும் சொல்லாது. நல்ல கூலி கொடுங்கள், உரிய காலத்தில் கொடுங்கள், அதுதான் நேர்மை. பெயர் வேறு விஷயம்.

#7 நாடா (சின்னாளப்பட்டி), நவம்பர் 5

கொத்தனார் செங்கல்லை நீலமாக மாற்றவில்லையே. அந்தப் பெண் மாற்றினார். கொடுத்த வரைபடத்தை மீறி அவர் எடுத்த முடிவால்தான் துணி நன்றாக வந்தது என்று பதிவு போட்டவரே சொல்கிறார். முடிவு எடுத்தவர் வடிவமைத்தவர்.

#8 போ நதி (டூரின்), நவம்பர் 6

அந்த நீலப் புள்ளியைப் படித்ததும் எனக்கு ஓர் இளஞ்சிவப்புக் கடல் ஞாபகம் வந்தது. நான் இருக்கும் இந்த ஊரில் 1940இல் பிறந்தவர் கலைஞர் அலிகியேரோ போயெட்டி. 1971இல் முதன்முறையாகக் காபூல் போனார். அங்கே ஓர் ஆப்கானியரோடு சேர்ந்து ‘ஒன் ஹோட்டல்’ என்று சின்ன விடுதி நடத்தினார். உலகப் படத்தை, ஒவ்வொரு நாட்டையும் அதன் கொடி நிறத்தில், ஆப்கானியப் பெண்களிடம் கொடுத்துப் பூவேலையாகத் தைக்க வைத்தார். ஒரு படம் முடிய ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். 1994இல் அவர் இறக்கும்வரை நூற்றைம்பது படங்கள் அளவுக்கு வந்தன. 1979இல் சோவியத் படை நுழைந்த பிறகு வேலை நின்று, பிறகு பெஷாவரில் அகதிகளாக இருந்த பெண்களிடம் தொடர்ந்தது.

ஒரு தடவை வந்த படத்தில் கடல் முழுக்க இளஞ்சிவப்பு. கடலே பார்க்காத மலைநாட்டுப் பெண்கள், கையில் அந்த நூல் நிறைய இருந்ததால் அதைப் போட்டிருக்கிறார்கள். போயெட்டி அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார், அதற்குப் பிறகு கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார். உங்கள் கதையும் இதுவும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

இப்போது கசப்பான பகுதி. அந்தப் படங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. சீட்டில் இருப்பது ‘போயெட்டி’ என்ற ஒரே பெயர். அவர் ஆண் என்பதால் அந்தப் பெண்களைச் சந்திக்க முடியவில்லை, இடையில் இருந்த ஆண்கள் வழியாகத்தான் துணி போய் வந்தது. 1990இல் ஒரு பெண் புகைப்படக் கலைஞர் பெஷாவர் போய்த்தான் அவர்கள் தைப்பதைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு மறுபடி அருங்காட்சியகச் சீட்டைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல, அந்த நாட்டின்மீது உயிரையே வைத்திருந்தார். ஆனாலும் பெயர்கள் போய்விட்டன, இனிக் கேட்டு வாங்கவும் முடியாது. நீங்கள் அந்த ஆறு பேரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர். உங்களால் முடியும்.

#9 பனிக்காடு (டொரொண்டோ), நவம்பர் 7

பெயர் போடுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து கன காலம், ஒரு அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக நிற்கிறேன்.

கனடாவின் வடக்கே பாஃபின் தீவை ஒட்டிக் கின்ங்கைட் என்ற இனுயிட் பழங்குடியினரின் ஊர், முன்னர் கேப் டோர்செட் என்றார்கள். 1950களின் கடைசியில் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் அங்கிருந்து ஜப்பான் போய், உனிச்சி ஹிராட்சுகா என்ற மர அச்சுக் கலைஞரிடம் சில மாதங்கள் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஜப்பானிய முறையில் வரைபவர் வேறு, செதுக்குபவர் வேறு, அச்சிடுபவர் வேறு. கின்ங்கைட்டில் மரம் கிடையாது, ஆகவே கல்லில் செதுக்கினார்கள். 1959இல் முதல் தொகுப்பு வந்தது. ஒவ்வொரு தாளிலும் வரைந்தவரின் பெயர் அவர்களுடைய எழுத்திலேயே, பக்கத்தில் கல் செதுக்கியவரின் முத்திரை, அப்புறம் ஊருக்கான சிவப்பு முத்திரை. மூன்றும் சின்னதாக ஓரத்தில் நிற்கும், படத்தைக் குழப்பாது. 1960இல் வந்த கெனோஜுவாக் அஷேவாக்கின் ஆந்தைப் படத்தைப் பத்து வருடம் கழித்துக் கனடா தபால்தலையாகவே போட்டது.

அதைவிடப் பெரியது, பட்டறை அந்த ஊர் மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். வெளியாள் வந்து தொடங்கி வைத்தார், ஆனால் விற்கிற கை ஊருடையது. அக்கா, பெயரை யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கோ: விற்ற பிறகு மீதிப் பணம் யாருக்கு?

#10 வைகைக்கரை, நவம்பர் 7

எல்லோருக்கும் நன்றி. பணத்தைப் பற்றி: கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, பட்டறை கேட்ட விலையைக் குறைக்காமல். விற்றால் செலவு போக வருவதில் பாதி பட்டறைக்கு என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் இல்லை.

#11 தென்கோடி (மெல்பர்ன்), நவம்பர் 8

எழுத்தில் போடுங்கள், முதல் வேலையாக. நான் இருக்கும் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஏன் என்று புரியும்.

1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் பாப்புன்யா என்ற குடியிருப்பில் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் அங்கிருந்த பெரியவர்களுக்கு வண்ணமும் பலகையும் கொடுத்தார். அவர்கள் மணலிலும் உடம்பிலும் வரைந்துவந்தது பலகைக்கு ஏறியது. 1972இல் ஓவியர்களே சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. அது நல்ல பக்கம். கிளிஃபர்ட் பொஸம் என்ற பெரிய ஓவியர் 1977இல் வரைந்த ஒரு பெரும் ஓவியம் அப்போது 1,200 டாலருக்குப் போனது. 2007இல் அதே ஓவியம் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவர் 2002இலேயே இறந்துவிட்டார். 2010இல்தான் இங்கே மறுவிற்பனைப் பங்கு என்று சட்டம் வந்தது: 1,000 டாலருக்கு மேல் மறுபடி விற்றால் 5 சதவீதம் ஓவியருக்கு அல்லது வாரிசுக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஓவியம், சிற்பம் முதலியவற்றுக்கு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனால். துணியைக் காப்பாற்ற அதை நம்ப வேண்டாம். நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கோலத்தைப் பற்றி. 1990களில் ஒரு கம்பெனி பழங்குடி ஓவியங்களை வியட்நாமில் கம்பளமாக நெய்து பெர்த்தில் இறக்கியது. மிதிக்கக்கூடாத புனிதக் கதைகள் தரையில் கிடந்தன. 1994இல் நீதிமன்றம் ஓவியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பாப்புன்யாவிலேயே ஆரம்பக் கால ஓவியங்களில் வெளியார் பார்க்கக்கூடாத உருவங்கள் இருந்ததால் மனக்கசப்பு வந்து, பிறகு ஓவியர்கள் அவற்றைத் தவிர்த்தார்கள், புள்ளிகளால் மறைத்தார்கள். லாசெமில் நீங்கள் கொண்டுவரும் கோலங்களில் விற்கக்கூடாதது, தரையில் விரிக்கக்கூடாதது ஏதாவது உண்டா என்று கேட்டீர்களா?

பெயர் விஷயத்திலும் கேட்டுத்தான் போட வேண்டும். இங்கே பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் போடுவது எல்லா இடத்திலும் மரியாதை ஆகிவிடாது.

#12 வைகைக்கரை, நவம்பர் 9

கோலம் பற்றிக் கேட்டிருக்கிறேன். யோக்யகர்த்தா அரண்மனைக்கென்று ஒதுக்கிய பராங் கோலம் போன்றவை இவற்றில் இல்லை. உடைந்த கல் என்று ஒரு கோலம் மட்டும் இருக்கிறது, ‘வாத்து பெச்சா’. 1808இல் தொடங்கி டச்சு ஆளுநர் டெண்டல்ஸ் ஜாவாவின் மேற்கிலிருந்து கிழக்குவரை ஆயிரம் கிலோமீட்டர் சாலை போட்டபோது, கல் உடைக்கப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் நினைவு அதில் இருப்பதாக ஊரில் சொல்கிறார்கள். அதை நாங்கள் எழுதலாமா என்று நான் தயங்கினேன். ம்பாஹ் சொன்னது: எழுதலாம், ஆனால் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீட்டில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குகிறேன்.

#13 நாடா, நவம்பர் 9

எல்லோரும் லாசெமைப் பற்றியே பேசுகிறோம். நான் ஒன்று கேட்கலாமா? மதுரையில் அந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் பெயர் என்ன?

#14 பினாங்குத் தங்கை, நவம்பர் 9

ஐயோ. நான் ஆறு பெயர் என்று எண்ணிச் சொன்னபோது இது தோன்றவே இல்லை.

#15 கோடும் நிறமும், நவம்பர் 10

நாடா கேட்டது சரியான கேள்வி. என் வாதத்தையும் அது அசைக்கிறது. சொந்த ஊர்க் கைகளுக்குப் பெயர் இல்லை என்பது நமக்குப் பழகிப்போய், அதை ஓர் ஏற்பாடு என்றே நான் நினைத்துவந்திருக்கிறேன். யோசிக்கிறேன்.

#16 வைகைக்கரை, நவம்பர் 19

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நாடாவின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதினொரு வருடமாகத் துணியை ஓர் இடைத்தரகரிடம் கொடுக்கிறேன், அவர் கட்டி வாங்கி வருகிறார். யார் வீட்டுக்குப் போகிறது என்று நான் கேட்டதே இல்லை. போயெட்டியின் கதையைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருந்த நான், கடல் கடந்து போய் ஆறு பெண்களின் பெயரைக் கற்றுக்கொண்ட நான், என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

தரகரிடம் முகவரி கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு அவரே கூட்டிப்போனார். ஏழு வீடுகள். எல்லாம் சௌராஷ்டிரக் குடும்பங்கள், நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மதியம் சமையல் முடிந்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றுகிறார்கள். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் என்ன மாறியது என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். அச்சடித்த துணியும் சுங்குடி என்றுதான் விற்கிறது, வாங்குபவருக்கு முடிச்சு தெரிவதில்லை என்றார். அவர் கூலியைச் சொன்னார். நான் தரகருக்குக் கொடுப்பதில் எவ்வளவு அவருக்குப் போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தரகரையும் குறை சொல்ல மாட்டேன், வண்டி, நூல், கெட்டுப்போன துணி எல்லாம் அவர் தலையில். கணக்கை மூன்று பேரும் உட்கார்ந்து மறுபடி போட்டிருக்கிறோம்.

செல்பேசியில் லாத்தோத் துணியின் படத்தைக் காட்டினேன். அந்த அக்கா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இந்த வரிசை நான் கட்டினது. நான் இடப்பக்கமாச் சுத்துவேன், வட்டம் கொஞ்சம் சாயும்” என்றார். நான் பார்த்தேன், சாய்ந்துதான் இருந்தது. பதினொரு வருடத்தில் என் கண்ணுக்கு அது பட்டதில்லை.

#17 போ நதி, நவம்பர் 19

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாய்வையும் சீட்டில் எழுதுங்கள்.

#18 கோடும் நிறமும், நவம்பர் 20

என் வாதத்தை விலக்கிக்கொள்கிறேன். சீட்டை வடிவமைக்க ஆள் வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன், பணம் வேண்டாம். பதிமூன்று பெயரும் உங்கள் பெயரும் படிக்கிற மாதிரி வரும், அதற்கு நான் பொறுப்பு. கின்ங்கைட் தாள்போல ஓரத்தில் சின்னதாக, ஒரே அளவு எழுத்தில். ஜாவா எழுத்திலும் சௌராஷ்டிர எழுத்திலும் அவரவர் எழுதித் தர முடியுமா?

#19 வைகைக்கரை, பிப்ரவரி 2

துணி வந்துவிட்டது. துறைமுகத்தான் ஐயா சொன்னபடி ஆறை இறக்குமதியாகவும் ஆறைக் கார்னேயிலும் கொண்டுவந்தோம். வரி கட்டினேன், விலையைக் குறைக்கவில்லை. ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியிலும் தமிழிலும் இரண்டு பக்கம்: பாதிப் பங்கு, மறுபடி விற்றால் ஒரு பங்கு, கோலத்தை அச்சடித்த துணியில் போடக்கூடாது, படம் வெளியிட்டால் முன்னதாகக் கேட்க வேண்டும்.

பெயர் கேட்டதற்கு வந்த பதில்கள், தென்கோடி சொன்னதுபோல, ஒரே மாதிரி இல்லை. லாசெமில் ஐந்து பேர் சரி என்றார்கள். நீலப் புள்ளி விட்ட பெண் தன் பெயர் வேண்டாம், ஊரின் பெயரைப் போடுங்கள் என்றார். ஏன் என்று நான் தோண்டவில்லை. அவர் இடத்தில் “லாசெம்” என்று இருக்கும். மதுரையில் ஆறு பேர் தமிழில் கேட்டார்கள், ஒரு பாட்டி சௌராஷ்டிர எழுத்தில் தானே எழுதித் தந்தார். அவர் பேத்திக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதினார்கள். பெயர்களை இங்கே போடவில்லை, இணையத்தில் போட யாரிடமும் இன்னும் கேட்கவில்லை.

துணிகளைச் சுவரில் ஒட்டித் தொங்கவிடாமல் கூடத்தின் நடுவே கயிறு கட்டிப் போடப்போகிறோம், இரண்டு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி. அது லாசெம்காரர்கள் கேட்டது. ஒரு குறிப்பும் அனுப்பினார்கள்: சோப்பு கூடாது, ‘லெராக்’ கொட்டையின் நுரையில்தான் அலச வேண்டும். படத்தைப் பார்த்தால் நம் பூந்திக்கொட்டைதான். பட்டுப்புடவைக்கு அம்மா ஊறவைப்பது.

அப்புறம், ம்பாஹ் குரல் பதிவு அனுப்பியிருந்தார், மாணவி பெயர்த்துச் சொன்னார். அடுத்த தடவை துணியைச் சாயம் போடாமல், முடிச்சை அவிழ்க்காமல், கட்டியபடியே அனுப்ப வேண்டுமாம். சிவப்பை அவர்கள் ஊரிலேயே முக்கிக்கொள்வார்களாம். அந்த முடிச்சுகளைத் தன் கையால் அவிழ்த்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார். அதை ஏழு வீட்டிலும் போட்டுக் காட்டினேன். இடப்பக்கமாகச் சுற்றும் அக்கா அன்றைக்கே வெள்ளைத் துணி கேட்டார்.

#20 துறைமுகத்தான், பிப்ரவரி 2

கட்டியபடியே போவது நல்லது, இந்தத் துணி இங்கிருந்து போனது என்று முடிச்சே சாட்சி சொல்லும். போகும்போதே சுங்கத்தில் பதிந்துவிடுங்கள். ஒவ்வொரு துணியையும் முடிச்சோடு படமெடுத்து, அளவு எழுதி, நகல் எனக்கு அனுப்புங்கள். எப்போது அனுப்பப்போகிறீர்கள்?

#21 வைகைக்கரை, பிப்ரவரி 3

ஏப்ரலில் ஐயா. மூன்று துணி. கட்டி முடிய அவ்வளவு நாள் ஆகும் என்கிறார்கள்.